துரை வாத்துகள் போன பங்குனி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஜப்பான்காரன் காலம் பேச்சில் வராமல் போகாது. கல்யாண வீடோ கருமாதி வீடோ, இலை எடுப்பதற்குள் யாராவது ஒருவர் மரவள்ளிக்கிழங்கை ஆரம்பித்துவிடுவார். கிழங்கு தின்றது, சாக்கு கட்டியது, உப்பில்லாமல் கஞ்சி குடித்தது. நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் தின்றதும் அதே கிழங்கு, கட்டியதும் அதே சாக்குதான். ஆனால் அந்தக் காலம் என்றதும் எனக்கு முதலில் வருவது கிழங்கு இல்லை, வாத்து. சொன்னால் சிரிப்பீர்கள் என்று இதுவரை சொன்னதில்லை. இனிமேல் சிரித்தால் சிரியுங்கள். எனக்கும் பல் இல்லை, உங்களுக்கும் இல்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் கெடாவில், செமிலிங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்கின் கடைசியில் இருந்தது. சடக்கு முழுக்கப் பால்மரங்களுக்குள்ளேயே வளைந்து வளைந்து வரும். எது வருகிறது, யார் வருகிறார்கள் என்று கிட்டே வரும்வரை தெரியாது. ஆலைக்குத் தண்ணீர் வேண்டுமென்று வெள்ளைக்காரன் இரண்டு மேடுகளுக்கு நடுவே உயரமாக மண்கரை போட்டு ஒரு டேம் கட்டியிருந்தான். சடக்கு அந்தக் கரைக்குக் கீழே ஓடும். உபரித் தண்ணீர் வடியும் வாய்க்காலின் மேல் ஒரு பலகைப் பாலம் உண்டு. வண்டி எதுவானாலும் அந்தப் பலகைகளைக் கடகடக்க வைத்துவிட்டுத்தான் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு வர முடியும்.

டேம் துரைக்குச் சொந்தம். அதாவது தண்ணீரைப் பார்ப்பதுகூட அவருக்குச் சொந்தம். கரைமேல் ஏறினால் அன்றைய கூலி போச்சு. கீழே சடக்கில் நடந்து போகிறவனுக்குக் கரைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. அவருடைய பங்களா மேட்டிலிருந்து மட்டும் முழுவதும் தெரியும். மழைக்காலம் வந்தால் மேட்டின்மேல் துப்பாக்கி வெடிக்கும். பங்களா குசினிக்காரர் வந்து, துரை இன்றைக்கு இத்தனை வாத்து அடித்தார் என்று பெருமையாகச் சொல்வார், ஏதோ அவரே அடித்த மாதிரி. அதனால் லயத்தில் அந்தப் பறவைக்குத் துரை வாத்து என்று பெயர். பெயர்தான் எங்களுக்குத் தெரியும். அது எப்போது வரும், எவ்வளவு நாள் இருக்கும் என்பதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஜப்பான்காரன் வந்ததும் துரை ஓடினார். பங்களாவில் கொஞ்ச காலம் ஜப்பான் சிப்பாய்கள் இருந்துவிட்டு, கதவு ஜன்னலையெல்லாம் விறகாக்கிவிட்டுப் போனார்கள். கங்காணி எப்போதோ நழுவிவிட்டார். லயத்துக்காக நாலு வார்த்தை பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது. அப்பா அதிகம் பேசாதவர் என்பதால் அந்தப் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள்.

பிறகு லோரி வரத் தொடங்கியது. முதலில் விமானத் திடல் போடுவதற்கு என்று ஆள் ஏற்றினார்கள். போனவர்களில் பாதிப் பேராவது திரும்பி வந்தார்கள். அப்புறம் சயாமுக்கு ரயில் பாதை போட என்று ஏற்றினார்கள். போனவர்கள் போனவர்கள்தான். லோரி வருகிறதா என்று பார்க்கச் சந்தியில் ஒரு பையனை நிறுத்தினார்கள். அடுத்த லோரி அந்தப் பையனையே ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அந்த மழைக்காலத்தில்தான் அத்தையின் புருஷன், என் மாமா, கள்ளத்தனமாகப் பங்களா மேட்டில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார், தண்ணீர் தெரியாத அளவுக்கு வாத்து மிதக்கிறது என்று. அவர் அங்கே நின்றிருந்தபோது எவனோ ஒரு மாட்டு வண்டியைப் பாலத்தில் ஓட்டியிருக்கிறான். பலகை கடகடத்ததும் அத்தனை வாத்தும் ஒரே மூச்சில் கிளம்பிவிட்டதாம்.

"மச்சான், நம்மளுக்குச் சம்பளமில்லாத காவக்காரன் கெடச்சிட்டான்லா," என்றார் அப்பாவிடம்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த யோசனை மாமாவுடையது. பிற்பாடு யாரும் அதைச் சொல்லவில்லை.

மழை இரைச்சலில் பாலத்துச் சத்தம் லயத்துக்கு எட்டாது, வாத்துக்கு எட்டும். ஆனால் மேட்டில் பையன்களை நிறுத்த முடியாது. கொஞ்சம் உயரமாக இருந்தாலே ஏற்றிவிடுவார்கள். அதனால் பெண்பிள்ளைகளைப் போட்டார்கள். நானும் மாரியம்மன் கோயில் பூசாரி மகளும். உடைந்த பங்களாவின் வராந்தாவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்க்க வேண்டும். வாத்துகள் கிளம்பினால் தகரத்தைத் தட்ட வேண்டும். தகரம் துரை வீட்டு பிஸ்கட் டப்பா. மூடியில் பனி மூடிய ஒரு வீடும், மூக்கு சிவந்த ஒரு குழந்தையும் இருக்கும். உள்ளே மோந்து பார்த்தால் இன்னும் வெண்ணெய் வாசம் வரும். நாங்கள் முறைபோட்டு மோந்து பார்ப்போம். பசிக்கு அதுவும் ஒரு சாப்பாடு.

இப்போது நம் பேரப்பிள்ளைகள் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போகிறார்கள். பார்த்துவிட்டு வந்து மனசுக்கு அமைதியாக இருக்கிறது என்கிறார்கள். நான் பறவை பார்த்த காலத்தில் கை தகரத்தை விட்டு நகராது. ஆனால் பார்க்கப் பார்க்கக் கண் பழகிவிட்டது. பருந்து மேலே வந்தால் வாத்துகள் பறக்காது, எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆள் நடந்தால் எதிர்க்கரைக்கு நீந்தும். பாலம் கடகடத்தால் மட்டும்தான் ஒட்டுமொத்தமாக எழும்பும். இறக்கையில் ஒரு நீலச் சாம்பல் பட்டை தெரியும். எங்கள் தலைமேல் சுற்றும்போது வரும் காற்றில் சேற்று வாசம் அடிக்கும்.

எங்களை ஏமாற்றியது கடல்புறாதான். கடல் கொந்தளிக்கிற நாட்களில் மெர்போக் ஆற்று முகத்திலிருந்து வெள்ளை வெளேர் என்று ஒரு கூட்டம் வந்து டேமில் இறங்கும். அதற்கு எதைக் கண்டாலும் சண்டை. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும், ஒன்று கிளம்பினால் எல்லாம் கிளம்பும். முதல் தடவை நான் தகரத்தைத் தட்டிவிட்டேன். தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரும் கஞ்சியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மூங்கில் பள்ளத்துக்கு ஓடினார்கள். அங்கேதான் எல்லாரும் ஒளிவது. அட்டைக்கடியோடு வெகுநேரம் கிடந்துவிட்டு வந்தார்கள். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு கடல்புறா செத்து விழுந்தாலும் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பருவத்தில் லோரி நாலைந்து முறை வந்தது. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு போனது. சிப்பாய்களோடு வந்த மொழிபெயர்ப்பாளன் தமிழன். அவன் லயத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "இந்தத் தோட்டத்துல ஆம்பளையே பொறக்கறதில்லையா?" என்று கேட்பான். பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஆனால் பசி என்று ஒன்று இருக்கிறதே. மேட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கே வாயில் எச்சில் ஊறும். அத்தனை வாத்து, அத்தனை கறி. யாராவது ஒருவன் கண்ணி வைத்தால் பறவைகள் பயந்து ஓடிவிடும் என்று அப்பா, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எல்லாரையும் கூட்டினார். மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும், வாத்தைத் தொடுவதில்லை என்று. சூடத்துக்கு எங்கே போவது? கடைகளில் உப்பே இல்லை. பூசாரி ஒரு கட்டி ஒட்டுப்பாலை, மரத்தில் உறைந்த ரப்பர்க் கித்தாவை, தட்டில் வைத்துக் கொளுத்தினார். கரும்புகை எழும்பி அம்மன் முகமே தெரியவில்லை. ஒவ்வொருவராக வந்து அந்தத் தட்டின்மேல் கையடித்தார்கள். அணைக்கவும் முடியவில்லை. ஒட்டுப்பால் கையில் ஒட்டிக்கொண்டு எரிந்தது.

மாமா உள்ளங்கையை ஊதிக்கொண்டே, "சாமிக்கே இது சூடமா கித்தாவான்னு சந்தேகமா இருக்கும்," என்றார். நாலு பேர் சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை.

மாமா லூனாஸ் பக்கத்து ஆள். அத்தையைக் கட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தவர். டயருக்குப் பதிலாகக் கயிறு சுற்றிய ஒரு சைக்கிளில் செமிலிங்குக்கும் பீடோங்குக்கும் போய் எதையாவது கொடுத்து எதையாவது வாங்கி வருவார். வாய் சும்மா இருக்காது. அப்படிப்பட்ட ஆளை நல்ல காலத்தில் எல்லாருக்கும் பிடிக்கும். கெட்ட காலத்தில், இவன் எங்கெங்கோ போகிறானே, யாரிடமெல்லாம் பேசுகிறான் என்று ஒரு கண் அவன்மேலேயே இருக்கும். அத்தைக்கு அப்போது மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பிறந்தது ஒன்றும் தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது நிற்க வேண்டுமே என்று மாமா பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். தன் பங்குக் கிழங்கையும் அத்தை தட்டில் வைத்துவிட்டு, சாப்பிட்டாகிவிட்டது என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

மாசி மாதத்தில் வாத்துகளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அதுவரை எல்லாம் ஒரே பழுப்பாக இருக்கும். இப்போது சேவல் வாத்துகளுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளையாக ஒரு கீற்று வந்தது. பூசாரி மகள், வாத்து விபூதி பூசிக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சேவல்கள் மரப்பலகையைச் சுரண்டுவதுபோலக் கறகறவென்று கத்த ஆரம்பித்தன. ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பெரிய கூட்டம் எழும்பியது. பலகைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் தகரத்தைத் தட்டினேன். ஆண்கள் ஓடினார்கள். லோரி வரவில்லை. வாத்துகளும் இறங்கவில்லை. வழக்கம்போலச் சுற்றாமல் மேலே, மேலே ஏறி, ஜெராய் மலையைத் தாண்டி வடக்கே போயின. புள்ளி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் ஏதோ யோசனையில் தலையாட்டினார். அம்மாதான் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"போச்சுன்னு நீ பாத்தியா? பாக்கலை. தகரம் தட்டுனே, அவ்வளவுதான். ஊரு ஒண்ணு சொல்லும்போது நீ வேற ஒண்ணு சொல்லாதே."

ஊர் அதுவரை ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொல்லப் போகிறது என்று அம்மாவுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

நாளுக்கு நாள் வாத்துகள் குறைந்தன. பங்குனியில் தண்ணீர் மொட்டையாகிவிட்டது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், அவை குளிருக்கு ஒதுங்க வந்த பறவைகள், வெயில் ஏறினால் வந்த ஊருக்குத் திரும்பிவிடும் என்று. துரைக்குத் தெரிந்திருக்கும். குசினிக்காரருக்கும் தெரிந்திருக்கலாம், அவர் துரையோடு போய்விட்டார். தண்ணீரைப் பார்க்கவே உரிமை இல்லாமல் இருபது முப்பது வருஷம் அதன் பக்கத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: சத்தியம் செய்தோம், வாத்து இருந்தது, இப்போது இல்லை. அப்படியானால் எவனோ தின்றிருக்கிறான்.

அதற்குப் பிறகு லயத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் அருவருப்பாக இருக்கிறது. நெருப்பு கேட்கிற சாக்கில் பெண்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்து சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். குழந்தைகளின் வாயை மோந்து பார்த்தார்கள். எந்த வீட்டுப் புகையில் கொழுப்பு வாசம் என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்த ஒரு குழந்தையின் தாயை மூன்று நாள் யாரும் பேச்சுக்கு இழுக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு வந்திருந்தது பசி வீக்கம் என்று பின்னால் தெரிந்தது.

கடைசியில் பூசாரி மகள்தான் கண்டுபிடித்தாள். அத்தை வீட்டின் பின்னால் மரவள்ளிப் பாத்தியில் கிழங்கு பறிக்கப் போனபோது மண்ணுக்குள்ளிருந்து நீலச் சாம்பல் இறகு வந்தது. ஒரு கைப்பிடி இருக்கும். அதோடு அத்தை வீட்டில் ஒரு சிரட்டை உப்பும் இருந்தது என்று சட்டி மூடி தூக்கியவள் ஒருத்தி சொன்னாள். உப்பு. உங்களுக்கே தெரியும், அந்தக் காலத்தில் உப்பு வைத்திருந்தவனை எப்படிப் பார்ப்பார்கள் என்று.

மறுபடி பெரட்டுக் களம். மாமாவை நடுவில் நிறுத்தினார்கள்.

"ரெண்டு வாத்து," என்றார் மாமா. "மறைக்கல. ரெண்டு புடிச்சேன். ஒண்ணு இவளுக்குக் கொழம்பு வச்சேன். இன்னொண்ணச் செமிலிங்குல அந்தத் துலுக்கக் கடைக்காரருகிட்டக் குடுத்து உப்பு வாங்கியாந்தேன். வயித்துப் பிள்ளைக்காரி, காலெல்லாம் வெளுத்துப் போச்சு. வேறென்னா செய்யச் சொல்றீங்க?"

"ரெண்டு புடிச்சா, மிச்சம் எங்கலா போச்சு? டேமையே நெறச்சுக்கிட்டுக் கெடந்துச்சே," என்றார் ஒருவர்.

"எனக்கு எப்படித் தெரியும்? அம்புட்டையும் நான் ஒருத்தன் தின்னா இந்நேரம் நானே பறந்திருப்பேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒரு மனிதன் அத்தனை வாத்தைத் தின்ன முடியாது என்பது எல்லாருக்கும் புரிந்துதான் இருந்தது. அந்த ஓட்டையைப் பூசாரி அடைத்தார்.

"தின்னது ரெண்டாவே இருக்கட்டும். ஆத்தா முன்னாடி அடிச்ச சத்தியம். மீறினான். ஆத்தா மத்ததை எடுத்துக்கிட்டா. நம்ம காவலு போச்சு. இவன் ஒருத்தனால."

கூட்டத்தின் பின்னாலிருந்து இன்னொரு குரல், "உப்பு கடையிலதான் வந்துச்சா, ஜப்பான்காரன் கேம்புல வந்துச்சா, யாரு கண்டா?" என்றது. யார் சொன்னது என்று தெரியவில்லை. அப்படிப்பட்ட பேச்சு எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். ஆனால் அதற்குப் பிறகு பேச்சு முழுவதும் அந்தப் பக்கமே சாய்ந்தது. சைக்கிளில் போகிறான், டவுனில் யாரையெல்லாமோ பார்க்கிறான், ஒளியும் பள்ளம் அவனுக்குத் தெரியும். நாளைக்குக் காட்டிக் கொடுத்தால்?

மாமா அப்பாவைப் பார்த்தார். "மச்சான், நீங்க சொல்லுங்க. நானா?"

அப்பா தரையைப் பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர் என்று முன்னால் சொன்னேன் அல்லவா, அதை எல்லாரும் அதுவரை ஒரு நல்ல குணமாகத்தான் நினைத்திருந்தோம்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஒளிகிற இடம் மாறும். இனி மூங்கில் பள்ளம் இல்லை, ஆற்றுப் பக்கத்து நீப்பாப் பனைச் சதுப்பு. வாத்து போய்விட்டதால் அறிவிப்பும் மாறும். லயத்தின் தலைப்பிலிருந்த பூசாரி வீட்டில் லோரிச் சத்தம் கேட்டால் பூசாரி மனைவி கோழியைத் தீனிக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுவாள். அதைக் கேட்டு அடுத்த வீடு கூப்பிட வேண்டும், அதற்கடுத்த வீடு, அப்படியே. கோழி என்று ஒன்று லயத்தில் இருந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய் இதையெல்லாம் காதோடு சொன்னவர் அப்பா. கடைசி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அது அவருடைய சொந்தத் தங்கை வீடு.

ஒரு தடவை பழகிப் பார்த்தார்கள். "பா, பா, பா" என்று லயம் நெடுகக் குரல் போனது. அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, யாரு வீட்டுல கோழி வாங்கியிருக்காங்க? ஒரு முட்டை கேட்டா தருவாங்களா?"

அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "கோழியாவது ஒண்ணாவது. பொம்பளப் பிள்ளைங்க வெளாட்டு," என்றாள்.

அத்தை வாசற்படியிலேயே நின்றாள். எங்கள் வீட்டில் அவளை உட்காரச் சொல்லாத முதல் நாள் அது. பிறகு மெதுவாக நடந்து போனாள்.

சித்திரையில் லோரி வந்தது. கோழி கூப்பிடும் குரல் ஒவ்வொரு வீடாக வந்து, கடைசிக்கு முந்திய வீட்டில் நின்றது. மாமா அப்போது வீட்டு முன்னால் சைக்கிளுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். லயத்து ஆண்கள் எல்லாரும் ஒரு திசையில் ஓடி மறைந்த பிறகுதான் அவர் காதில் லோரிச் சத்தம் விழுந்தது. எழுந்து ஓடினார். அவருக்குத் தெரிந்த இடத்துக்கு ஓடினார். மூங்கில் பள்ளத்தில் அன்றைக்கு அவர் ஒருவர்தான் இருந்தார். சிப்பாய்கள் வெறுங்கையோடு போய்ப் போய்ச் சலித்துப்போய், அந்த முறை பள்ளத்தையும் பார்த்துவிடுவோம் என்று இறங்கியிருக்கிறார்கள்.

லோரியின் பின்பக்கம் அவரை ஏற்றியபோது நான் பார்த்தேன். வேறு தோட்டத்து ஆட்கள் ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர் நின்றுகொண்டே லயத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். மற்ற ஆண்கள் எங்கே என்று தேடுகிற பார்வை. ஒருவரும் இல்லை என்று புரிந்ததும் அவர் முகம் எப்படி ஆனது என்பதை நான் எழுதப் போவதில்லை. அத்தை ஓடிவந்து லோரியின் பலகையைப் பிடித்தாள். அவர் குனிந்து ஏதோ சொன்னார். வண்டி கிளம்பிவிட்டது.

மாமா திரும்பி வரவில்லை. சயாமில் எந்த முகாமில், எந்த நோயில் என்று சொல்லவும் யாரும் வரவில்லை.

காட்டிக் கொடுப்பவனையே பிடித்துக்கொண்டு போவார்களா என்று ஒருவராவது கேட்டிருக்க வேண்டும். கேட்டார்கள். பதிலும் தயாராக இருந்தது. "எல்லாம் நாடகம்லா. அவன் இந்நேரம் கேம்புல சோறு தின்னுக்கிட்டிருப்பான்." சந்தேகத்துக்கு ஒரு தடவை சாப்பாடு போட்டுப் பழக்கிவிட்டால் அதுவே தனக்கு வேண்டியதைத் தேடிக்கொள்ளும். அத்தையிடமும் புதிய இடத்தையோ கோழிக் குரலையோ யாரும் சொல்லவில்லை. கோழிக் குரல் என்ன என்று அவளே அன்றைக்குப் புரிந்துகொண்டிருப்பாள். பிள்ளை பிறந்தது. பெண். இந்த முறை தங்கியது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை டேமின்மேல் அந்தச் சேற்று வாசக் காற்று சுற்றியது. வாத்துகள் வந்திருந்தன. அத்தனையும். லயமே கரைமேல் ஏறி நின்றது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூசாரிதான் முதலில், "குத்தம் பண்ணினவன் போயிட்டான். ஆத்தா திருப்பி அனுப்பிட்டா," என்றார். அதைக் கேட்டுச் சில பேர் மூச்சு விட்டார்கள். அப்பா இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்தின் ஓரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை நின்றிருந்தாள். பறவைகளை அவள் பார்க்கவில்லை. எங்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாங்கள் மறுபடி பிஸ்கட் டப்பாவோடு மேட்டில் உட்கார்ந்தோம். மார்கழி போனது, தை போனது. மாசியில் சேவல்களுக்கு மறுபடி வெள்ளைக் கீற்று வந்தது. மறுபடி கறகறவென்று கத்தின. மறுபடி பொழுது சாய்கிற நேரத்தில் கூட்டம் கூட்டமாக எழும்பி ஜெராய் மலையைத் தாண்டிப் போயின. இந்த முறை நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் கடைசிப் புள்ளி மறையும்வரை நின்றார். பங்குனியில் தண்ணீர் மொட்டையாகிவிட்டது. தின்பதற்கு மாமா இல்லை. யாரும் பெரட்டுக் களத்தில் கூட்டம் போடவில்லை. யார் வீட்டுச் சட்டியையும் யாரும் திறந்து பார்க்கவில்லை. பூசாரி அம்மன் கோயிலில் விளக்கேற்றுவதைக் கொஞ்ச நாள் தன் மகனிடம் விட்டுவிட்டார். அத்தை வீட்டு வழியாகத் தண்ணீர் எடுக்கப் போனவர்களெல்லாம் சுற்று வழியில் போக ஆரம்பித்தார்கள். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை.

அதற்குள் கெடாவைச் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு வந்தது அதே லோரிதான்.

வாத்து போய் மறுபடி கோழிக்குரலே காவலாகியிருந்த ஒரு நாள் மத்தியானம். பூசாரி மனைவிக்கு மலேரியாக் காய்ச்சல், போர்த்திக்கொண்டு கிடந்தாள். லோரிச் சத்தம் அவள் காதில் விழவில்லை. அத்தை பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வாய்க்கால் ஓரம் கங்கோங் கீரை பறித்துக்கொண்டிருந்தாள். அங்கே மரமில்லாத ஓர் இடைவெளி வழியாக, தூரத்துத் திருப்பத்தில் லோரி வருவதை அவள்தான் பார்த்தாள். குறுக்கு வழியில் ஓடிவந்தாள். லயத்தின் தலைப்பில் நின்று கோழி கூப்பிட்டிருந்தால் ஒரு நொடியில் எல்லாருக்கும் போயிருக்கும். அவள் கூப்பிடவில்லை. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே.

ஒவ்வொரு வீடாகப் போனாள். முதல் வீடு பூசாரி வீடு. கதவைத் தட்டி, "லோரி வருது," என்றாள். அடுத்த வீடு, "லோரி வருது." சட்டி மூடி தூக்கியவள் வீட்டிலும் அதையேதான் சொன்னாள். ஒரு வீட்டைக்கூட விடவில்லை. சத்தம் போடவில்லை, அழவில்லை. ஆண்கள் அவளைப் பார்க்காமல் அவளைத் தாண்டி ஓடினார்கள். பிள்ளை முதுகில் தூங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தாள். அப்பா அப்போதுதான் கோழிக்குரல் வராமலே ஆட்கள் ஓடுவதைப் பார்த்து வாசலுக்கு வந்திருந்தார். இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்றார்கள். மாமா போனதிலிருந்து அவர்கள் பேசியதில்லை.

"அண்ணே, லோரி வருது," என்றாள் அத்தை. "எங்க போயி ஒளியணும்னு ஒங்களுக்குத் தெரியும்லா?"

அப்பா வாசல் தூணைப் பிடித்தபடி நின்றார். பலகைப் பாலம் கடகடக்கும் சத்தம் கேட்டது. அம்மா பின்னாலிருந்து அவர் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அவர் தடுமாறி இறங்கினார், வேலியைத் தாண்டினார், ஆற்றுப் பக்கம் ஓடினார். அத்தை எங்கள் வாசலில் நின்று, அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒளிகிற இடம் எது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.